வினாத்தாளைத் தாமே எழுதும் மாணவர்கள்

ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில் நடக்கும் ‘காட்’ என்னும் நிர்வாகக் கல்வி நுழைவுத் தேர்வுக்கென்று ஓராண்டும் ஈராண்டும் உறக்கத்தைக் குறைத்து உழைத்த இளைஞர்கள், முடிவு வெளியாகி, இந்திய மேலாண்மைக் கழகங்களுள் ஏதேனும் ஒன்றிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும், அவர்கள் பேச்சு வழக்கில் சொன்னால் ‘கால்’ வந்ததும், பாதி வழி கடந்துவிட்டதாக எண்ணிப் பெருமூச்சு விடுவது இயல்பே. கணக்குப் பார்த்தால் அந்த எண்ணத்தில் பிழையுமில்லை. உண்மையாகவே பாதி வழிதான் கடந்திருக்கிறது. ஆமதாபாத் கழகம் அண்மை ஆண்டுகளில் வெளியிட்டுவந்த சேர்க்கை விதிகளின்படி, இறுதித் தரவரிசையில் காட் மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கு 25 பங்கும், பழைய பரீட்சைகளின் மதிப்பெண் முதலியவற்றைக் கொண்டு கணக்கிடும் விண்ணப்ப மதிப்பீட்டுக்கு 15 பங்கும், நேர்முகத்தோடு சேர்த்து எழுதவைக்கும் சிறு கட்டுரைக்கு 10 பங்கும் போக, எஞ்சிய 50 பங்கு முழுவதும் நேர்முகப் பரீட்சைக்கே உரியது. இரண்டு மணி நேரத் தேர்வுக்கு ஓராண்டுப் பிரயாசை, அதைப்போல் இரு மடங்கு எடையுள்ள இருபது நிமிஷ உரையாடலுக்குச் சில வாரம் என்கிற இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது, அந்த இருபது நிமிஷம் எதை அளக்கிறது, அதற்கு ஆயத்தமாவது என்றால் உண்மையில் எதைச் செய்வது என்பனவற்றையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறோம்.

1961-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் முதலிரு கழகங்கள் தோன்றியபோது, முன்னதற்கு அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்ப ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்லோன் பள்ளியும், பின்னதற்கு ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் துணை நின்றன. ஹார்வர்டிலிருந்து ஆமதாபாத்துக்கு வந்து வேரூன்றியவற்றுள் தலையாயது ‘கேஸ்’ முறை. ஒரு கம்பெனிக்கு நேர்ந்த உண்மையான இக்கட்டைச் சில பக்கங்களில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மறுநாள் வகுப்பில் ஆசிரியர் பேருரை நிகழ்த்தாமல், அந்த மேலாளரின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவைத்து, அந்த வாதப் பிரதிவாதத்தின் ஊடே பாடத்தைக் கொண்டு செல்கிற முறை அது. அத்தகைய வகுப்பில் வாய் திறவாதவர் தாமும் நஷ்டப்படுகிறார், பக்கத்தில் இருப்பவரையும் நஷ்டப்படுத்துகிறார். ஆகையால், கேள்விக்குப் பதிலும், பதிலுக்கு மறுப்பு வந்தால் அதற்குச் சமாதானமும், சமாதானம் இல்லாதபோது ஒப்புக்கொள்ளும் மனமும் ஒருவரிடம் உண்டா என்று சேர்க்கையின்போதே பார்த்துவிட ஸ்தாபனம் விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

இதற்கென்று முன்பெல்லாம் குழு விவாதம் என்ற ஒன்றையும் நடத்தினார்கள். எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு பொருளைக் கொடுத்தால், யார் முதலில் பேசுவது, யார் அதிகம் பேசுவது என்ற போட்டியில் பொருள் காணாமற்போய், கோச்சிங் சென்டர்களில் ‘ஃபிஷ் மார்க்கெட்’ என்று பெயர் பெற்றுவிட்ட கூச்சலே மிஞ்சுவது வழக்கமாயிற்று. 2010-ஐ அடுத்த சில ஆண்டுகளில் முக்கியமான கழகங்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டு, அதன் இடத்தில் இருபது முப்பது நிமிஷத்தில் எழுதி முடிக்கும் ‘டபிள்யூ.ஏ.டி.’ என்ற எழுத்துத் திறன் தேர்வைக் கொண்டுவந்தன. வாயடித்தவர்களுக்கு இது இழப்பு; கூச்சமுள்ளவர்களுக்கு, குறிப்பாக மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு, இது பெரிய அனுகூலம் என்பது என் அபிப்பிராயம்.

மேனாடுகளில் இந்த முறை ஒருபடித்தானதன்று. ஹார்வர்டில் அழைக்கப்பட்டவர் மட்டுமே நேர்முகத்துக்குப் போகலாம்; விண்ணப்பம் முழுவதையும் வரிக்கு வரி படித்துவிட்ட சேர்க்கைக் குழு உறுப்பினர் அரை மணி நேரம் பேசுகிறார். வேறு சில கல்லூரிகளில் நேர்முகம் காண்பவர் கையில் ஒற்றைப் பக்க ரெஸ்யூமே தவிர ஒன்றுமிராது. பிரான்சின் ஃபான்டேன்புளோவில் இருக்கும் இன்சியாட், தன் பழைய மாணவர்களையே, பெரும்பாலும் இருவரைத் தனித்தனியே, அபேட்சகரோடு பேசச் சொல்கிறது. பென்சில்வேனியாவின் வார்ட்டன் பள்ளியோ ஐந்தாறு பேரைச் சேர்த்து ஒரு காரியத்தைத் திட்டமிடச் செய்து பார்க்கிறது. நம் நாட்டுக் கழகங்களில் இரண்டு மூன்று பேர் கொண்ட ‘பேனல்’, பெரும்பாலும் பேராசிரியர்கள், சிற்சில இடங்களில் ஒரு பழைய மாணவரும் உடனிருக்க, விண்ணப்பப் படிவத்தையும் சான்றிதழ்களையும் முன்னால் வைத்துக்கொண்டு கேட்கிறது. பேராசிரியர்கள் கேட்பதால் இங்கே பாடநூல் கேள்விகளுக்கு இருக்கிற இடம், மேனாட்டு நேர்முகங்களில் அவ்வளவு இல்லை. இந்த வேற்றுமையை அறியாமல், அமெரிக்கக் கல்லூரிகளை உத்தேசித்து எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டுத் தலைமைப் பண்பைப் பற்றி மட்டும் ஆயத்தம் செய்துகொண்டு போகிறவர், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைப் பலகையில் விளக்கச் சொன்னால் திகைத்துப்போவார்.

இவ்வளவு எடை சுமக்கிற இந்த அளவுகோல் நம்பத்தக்கதுதானா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களுக்கே புதிதன்று. 1970-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததையும், ஒரு மாணவருக்குச் சராசரியாக மூன்று நிமிஷம்கூடச் செலவிடப்படவில்லை என்பதையும் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டி, அந்த ஒதுக்கீடு மிகை என்று கருத்துத் தெரிவித்தது. பத்தாண்டு கழித்து, 1980-இல், ஸ்ரீநகரின் வட்டாரப் பொறியியற் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் அந்நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. கேள்விகளோ பெற்றோர் யார், வீடு எங்கே என்ற அளவில் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்தன. கல்லூரிச் சேர்க்கையில் நூற்றுக்கு 15-க்கு மேல் நேர்முகத்துக்குக் கொடுப்பது எதேச்சாதிகாரத்துக்கு வழிவகுக்கும் என்று கூறிய நீதிபதிகள், உரையாடலை ஒலிப்பதிவு செய்து வைக்கலாம் என்ற யோசனையையும் சொன்னார்கள். 1981-இல் வந்த லீலா தர் வழக்கின் தீர்ப்பு, பள்ளி முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் சிறுவர்களுக்கும், உருவம் பெற்றுவிட்ட ஆளுமையோடு உத்தியோகத்துக்கு வரும் பெரியவர்களுக்கும் வேற்றுமை காட்டி, பின்னவர் விஷயத்தில் நேர்முகத்துக்கு அதிக இடம் கொடுக்கலாம் என்றது. நிர்வாகக் கல்விக்கு வருகிறவர் இவ்விரு திறத்தாருக்கும் நடுவே நிற்கிறார்: இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது, பட்டம் உண்டு, ஓரிரண்டு ஆண்டு வேலையும் உண்டு, ஆனால் வருவது படிக்க. அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்பது எளிதில் தீராத விவகாரம்.

மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களின் தீர்ப்பு நீதிபதிகளின் தீர்ப்பைவிடக் கடுமையானது. 1979-இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரி, நேர்முகத்தில் மேலிடம் பெற்ற 150 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி நிர்ப்பந்தித்தது. அதற்குள் நல்லவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், நேர்முகத்தில் கடைசி வரிசையில் நின்று ஒதுக்கப்பட்டவர்களையே அழைத்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. முதலில் வந்தவர் யார், பின்னால் வந்தவர் யார் என்ற பேதம் படிப்பிலும் தெரியவில்லை, ஆஸ்பத்திரிப் பயிற்சியிலும் தெரியவில்லை. உத்தியோக நேர்முகங்களைப் பற்றிப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையொட்டியே பேசுகிறார்கள். எவ்விதத் தொடர்பும் இல்லாமைக்கு 0 என்றும், முழுத் தொடர்புக்கு 1 என்றும் வைத்துக்கொண்டால், மனம்போனபடி பேசும் நேர்முகத்துக்கும் பிற்காலத் திறமைக்கும் உள்ள தொடர்பை 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்பார் 0.38 என்று கணித்தனர். 2022-இல் சாக்கெட் முதலானோர் அக்கணக்கைத் திருத்தி 0.19 என்று குறைத்தனர். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுகிற நேர்முகத்துக்கோ, அந்தத் திருத்திய கணக்கிலும் 0.42 கிடைத்தது.

ஒழுங்குபட்ட நேர்முகத்தின் வரலாற்றில் டேனியல் கானமன் செய்த ஒரு காரியம் நம் பொருளுக்கு நேரே பயன்படுகிறது. பின்னாளில் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற அவர், 1955-இல் இருபத்தோரு வயது இளைஞராக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது, புதிதாகச் சேருவோரை நேர்முகம் கண்டு எடைபோடும் முறையைச் சீர்திருத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுவரை நேர்முகம் கண்டவர்கள் பொதுவாகப் பேசிப் பார்த்து ஒட்டுமொத்தமாக ஓர் அபிப்பிராயம் சொல்லிவந்தார்கள். அது பயனற்றது என்று புள்ளிவிவரம் காட்டிற்று. கானமன் ஆறு குணங்களை வகுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் நடந்த சங்கதிகளை மட்டும், எத்தனை வேலை பார்த்தாய், எவ்வளவு ஒழுங்காகப் போய்வந்தாய், நண்பர்களோடு எத்தனை முறை கூடினாய் என்ற ரீதியில், கேட்டு, ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும் என்று விதித்தார். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்முகம் கண்ட இளைஞர்கள் முறையிட்டனர். ஆனால் பலன் முன்னையதைவிட மிகவும் மேம்பட்டது. ஆறையும் முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுமொத்த அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லச் சொன்னபோது, அதுவும் நன்றாகவே இருந்தது. நடந்த சங்கதிகள் மனத்தில் படிந்த பிறகு எழும் அபிப்பிராயம் வேறு. அவை இல்லாமல் எழுவது வேறு.

அபேட்சகருக்கு இதிலிருந்து கிடைப்பது என்னவென்றால், ராணுவத்திலே கேள்வி கேட்டவர்கள் தேடிய சங்கதிகளை இங்கே பதில் சொல்கிறவரே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பதுதான். பேனலில் இருக்கும் பேராசிரியர்கள் ஒழுங்குபட்ட முறையைக் கையாளுகிறார்களா என்பது நம் வசத்தில் இல்லை. நம் வசத்தில் இருப்பது அவர்கள் முன்னால் கிடக்கும் காகிதம். ஏனென்றால், இந்நாட்டு நிர்வாகக் கல்லூரிகளின் நேர்முகத்தைப்போல, வினாத்தாளின் பெரும் பகுதியை அபேட்சகரே எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு விடை சொல்லப் போகிற பரீட்சை வேறொன்று அரிது. சொந்த ஊர் எது, பட்டம் எதில், பிடித்த பாடம் எது, எந்தக் கம்பெனியில் என்ன வேலை, பொழுதுபோக்கு என்ன என்று படிவத்தில் நிரப்பிய ஒவ்வொரு வரியும் ஒரு வினா. வெற்றிடத்தை நிரப்பவேண்டும் என்பதற்காக, ‘புத்தகம் படித்தல், செஸ்’ என்று அரை நிமிஷத்தில் எழுதிவிட்ட வரியும் வினாதான். கடைசியாக எந்தப் புத்தகம் படித்தீர்கள், அதில் ஆசிரியரோடு எங்கே மாறுபடுகிறீர்கள் என்று கேட்பார்கள். சிசிலியன் தற்காப்பில் கறுப்பின் முதல் நகர்வு எது என்றும் கேட்பார்கள். ஆகவே ஆயத்தம் தொடங்க வேண்டியது ‘கால்’ வந்த நாளில் அல்ல. படிவத்தை நிரப்புகிற அன்றைக்கு. அந்தக் காலம் கடந்துபோயிருந்தால், சமர்ப்பித்த படிவத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் தான் எழுதியதை ஒரு அந்நியன் படித்தால் எங்கே விரல் வைப்பான் என்று வரி வரியாகப் பார்ப்பதே முதற்காரியம்.

சொந்த ஊர் என்ற ஒரு வரியை மட்டும் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். திருப்பூர் என்று எழுதியிருக்கிற பெண், பனியனுக்குப் பேர்போன ஊர் என்று சொல்லி நிறுத்திவிட்டால், சென்னையில் பிறந்தவர் சொல்லக்கூடியதையே சொன்னவளாகிறாள். நூல் வாங்கி நிட்டிங் ஆகி, சாயப்பட்டறைக்குப் போய், பிரிண்டிங், கட்டிங், தையல் என்று ஒரே சட்டை எத்தனை முதலாளிகளின் கை மாறுகிறது, இந்த ‘ஜாப் ஒர்க்’ ஏற்பாட்டில் நூல் விலை ஏறினால் நஷ்டம் முதலில் யார் தலையில் விழும், வெளிநாட்டு ஆர்டருக்கு விலை பேசி முடித்த பிறகு ரூபாயின் மதிப்பு மாறினால் என்ன ஆகும் என்பவை அவளுடைய வீட்டுத் திண்ணையில் பேசப்படும் விஷயங்கள். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில், நொய்யல் ஆறு மாசுபடுவதை முன்னிட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு அவை மாறவேண்டி வந்ததும், அந்தச் செலவு ஒரு கிலோ துணியின் விலையில் எப்படி ஏறியது என்பதும், சுற்றுச்சூழலும் வர்த்தகமும் மோதும் இடத்தைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்லாத அத்தியாயங்கள். அந்தப் பெண் தன் சித்தப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இவற்றைக் கேட்டு வந்தால், பேராசிரியர் அவளிடம் கற்றுக்கொள்வார். சிவகாசிக்கும், கரூருக்கும், தூத்துக்குடிக்கும் இதுவே பொருந்தும். இவ்வளவு வளமான பொருள் வாசலில் கிடக்க, கோச்சிங் சென்டர் அச்சிட்டுக் கொடுத்த நடப்புச் செய்தித் தொகுப்பைக் கரைத்துக் குடிப்பதில் ஒரு மாதத்தைச் செலவிடுவது பரிதாபம்.

பட்டப் படிப்பைப் பற்றிய கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். மூன்று பாடங்களைப் பிடித்தவை என்று தேர்ந்து, அவற்றின் அடிப்படைகளை மட்டும், ஆனால் ஆழமாக, திரும்பப் படிக்க வேண்டும். வணிகவியல் படித்தவருக்கு ரிசர்வுக்கும் புரவிஷனுக்கும் வேற்றுமை தெரியாததும், பொருளாதாரம் படித்தவருக்கு ரெப்போ விகிதம் ஏறினால் வீட்டுக் கடனுக்கு என்ன நேரும் என்று தெரியாததும் மன்னிக்கப்படுவதில்லை. கடினமான கேள்விக்கு, தெரியவில்லை என்று அவர்கள் நேர்மையாகச் சொன்னால், அது பெரும்பாலும் மன்னிக்கப்படுகிறது. தெரியாததை ஊகித்துச் சொல்லலாமா என்று பலர் கேட்பதுண்டு. இது எனக்குத் தெரியாது, ஆனால் இன்ன காரணத்தால் இவ்வாறிருக்கலாம் என்று காரணத்தோடு சொல்வது சிந்தனை. காரணமில்லாமல் ஒரு எண்ணை எறிவது சூதாட்டம்.

இனி, ஏன் எம்.பி.ஏ. என்ற கேள்வி. இதற்குச் சொல்லப்படும் விடைகளுள் பத்தில் ஒன்பது, தலைமைப் பொறுப்புக்கு உயர விரும்புகிறேன், விரிந்த பார்வை பெற விரும்புகிறேன் என்ற இரண்டில் அடங்கிவிடும் என்று அவற்றைக் கேட்டவரெல்லாம் சொல்வார்கள். பொய்யில்லை, ஆனால் யார் வாயிலிருந்தும் வரக்கூடிய வாசகம் அது. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மூன்று ஆண்டு டெஸ்டிங் வேலை பார்த்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர், நாங்கள் எடுத்த ஒரு புராஜெக்டுக்கு ஆட்களின் மணிக் கணக்கில் விலை பேசினார்கள், பாதியில் வாடிக்கையாளர் தேவையை மாற்றினார், ஆறு மாதம் இரவும் பகலும் உழைத்தும் கம்பெனிக்கு நஷ்டம் என்றார்கள், அந்த விலையை யார் எப்படி நிர்ணயித்தார்கள் என்று என் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை, நான் அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று சொன்னால், அது அவருக்கே உரிய விடை. அடுத்த கேள்வி அந்தப் புராஜெக்டைப் பற்றித்தான் இருக்கும். அதற்கும் அவரிடம் விடை இருக்கும். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் பௌதிகம் படித்து, பின்னர் உலகறிந்த நிர்வாக அறிஞரான சி. கே. பிரகலாத், ஆமதாபாத்துக்குப் போகுமுன் யூனியன் கார்பைடின் பாட்டரித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆண்டுகளைத் தம் வாழ்க்கையின் திருப்புமுனை என்று குறிப்பிட்டதுண்டு. வேலை அனுபவம் என்பது ஆண்டுகளின் எண்ணிக்கையன்று, அங்கே எழுந்து விடை கிடைக்காமற்போன கேள்விகளே என்று அதற்குப் பொருள் கொள்கிறேன்.

படிவத்தில் பலவீனமான வரிகளும் இருக்கும்: பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண், இடையில் ஓராண்டு வெற்றிடம், பத்து மாதத்தில் விட்ட வேலை. இவற்றைச் சுற்றிக் கோட்டை கட்டுவதே பெரும்பாலோர் செய்யும் ஆயத்தம். நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, பிறகு என்ன செய்தோம் என்பதை மூன்றாம் வாக்கியத்தில் சொல்லி நிறுத்துவது போதும். நான்காவது வாக்கியத்தில்தான் சாக்குப்போக்கு தொடங்குகிறது.

‘மாக் இன்டர்வியூ’ என்னும் ஒத்திகையைப் பற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. இரண்டு மூன்று ஒத்திகை அவசியம் என்றும், அதற்குமேல் தீங்கு என்றும் நான் நினைக்கிறேன். முதல் ஒத்திகையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாத கூச்சமும், ஒரு வாக்கியத்துக்கு நான்கு முறை ‘பேசிக்கலி’ சொல்லும் பழக்கமும் வெளிப்படும். வீடியோவில் பதிந்து பார்த்தால் சொல்லித்தர ஆள் வேண்டாம். பத்தாவது ஒத்திகைக்குள், சென்ற வருஷம் தேர்வானவர் சொன்ன விடை இவர் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே கோச்சிங் சென்டரிலிருந்து வந்த ஐந்து பேர் ஒரே காலை வேளையில் ஒரே பலவீனத்தை, ‘நான் அளவுக்கு மீறிய ஒழுங்கு பார்ப்பவன்’ என்பதை, ஒப்புவித்தால் கேட்கிறவர் நிலை என்னவாகும்? ஒத்திகைக்குக் கோச்சிங் ஆசிரியரைவிட, தம் துறையிலேயே கற்பிக்கும் பழைய கல்லூரி விரிவுரையாளர் ஒருவரும், வியாபாரம் நடத்தும் உறவினர் ஒருவரும் மேல்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களின் கவலை மொழியைப் பற்றியது. நேர்முகம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அங்கே தேடப்படுவது தெளிவு, உச்சரிப்பின் பளபளப்பன்று. தன் பட்டப் படிப்பின் ஒரு கருத்தை, தன் வேலையில் நடந்த ஒரு சம்பவத்தை, நாள்தோறும் பத்து நிமிஷம் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், இரண்டு மாதத்தில் நா பழகிவிடும். அலங்காரச் சொற்களைப் பொறுக்கி மனப்பாடம் செய்வது இதற்கு நேர்விரோதமான மார்க்கம். உடையைப் பற்றிய கவலையும் இப்படியே. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்கத்தாக் கழகத்திலும் படித்துவிட்டு யேலுக்குப் போன இந்திரா நூயி, அங்கே வேலைக்கான நேர்முகம் ஒன்றுக்குத் தமக்குப் பொருந்தாத சூட் அணிந்து போய்ச் சங்கடப்பட்டதையும், அடுத்ததற்குப் புடவையில் போய் வேலை பெற்றதையும் தாமே சொல்லியிருக்கிறார். துவைத்து மடித்த, உடம்புக்குப் பழகிய உடை எதுவானாலும் சரி.

பேச்சு முடியும் தறுவாயில், எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா என்று பெரும்பாலும் கேட்பார்கள். கேட்க இல்லையென்றால் இல்லை என்று சொல்லி நன்றி கூறி எழலாம். அதனால் குறை ஏதும் வந்துவிடாது. கழகத்தின் வலைத்தளத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கும் சங்கதியை வினாவாக்குவதுதான் குறை. வெளியே வந்தபின் செய்யும்படி ஹார்வர்ட் பல ஆண்டுகள் தன் அபேட்சகர்களுக்கு விதித்துவந்த ஒரு வேலை உண்டு: இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அந்த நேர்முகத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அனுப்புவது. நம் கழகங்கள் அதைக் கேட்பதில்லை. ஆனால் மூன்று நான்கு இடங்களிலிருந்து அழைப்புப் பெற்றவர், அன்று மாலையே, ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்திலாவது, கேட்ட கேள்விகள் யாவற்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் படிவத்தின் எந்த வரியிலிருந்து பிறந்தது என்று எதிரே குறித்துக்கொள்வது நல்லது. அடுத்த வாரம் பெங்களூரிலோ கோழிக்கோட்டிலோ உட்காரப்போகிற வேறொரு பேனலும் ஏறக்குறைய அதே வரிகளில்தான் விரல் வைக்கும்.